ஏழாம் பாத்தி உப்பு

செவ்வாய்க்கிழமை ரெக்ஸ் தேய்த்துக் கழுவிவிட்டுப் போன நீச்சல்குளத்தின் கிழக்குச் சுவரில் புதன்கிழமை காலையிலேயே பாசி திரும்பி வந்திருந்தது. அதுகூடப் பரவாயில்லை. அந்தப் பச்சையின் மேல் பத்துக் கோடுகள் இருந்தன. தரையில் தொடங்கி முழங்கால் உயரம் வரை, ஐந்தைந்தாக, வெள்ளை ஓடு தெரியும்படி யாரோ சுரண்டியிருந்தார்கள்.

சக்கரபாணி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கரையில் குந்தியபடி வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அனுமந்தையைத் தாண்டி, தன் உப்பளத்தின் ஓரத்திலேயே வீடு கட்டி, வீட்டுக்குப் பின்னால் குளமும் கட்டிய மனிதர். மனைவி போன பிறகு அவருக்கென்று இருந்தது மகள் கலைமதியும் ஆறு வயதுப் பேத்தி நறுமுகையும்தான். இரண்டு வருடமாக எட்டிப் பார்க்காத மகள் இந்தச் சனிக்கிழமை பெங்களூரிலிருந்து வருகிறாள். குளத்தை போனில் காட்டியதும், "தாத்தா, நான் அதுலயே இருந்துடுவேன்" என்று பேத்தி சொல்லியிருந்தாள். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் இத்தனை பாடு.

குளம் பராமரிப்பதையே தொழிலாக வைத்திருக்கும் ரெக்ஸ் பாண்டிச்சேரியிலிருந்து பைக்கில் வந்து, தண்ணீரைக் குப்பியில் பிடித்துச் சோதித்தான்.

"குளோரின் போதுமான அளவு இருக்குது சார். நேத்து ஆசிட் ஊத்தி பி.எச். எறக்கிட்டேன், பிரஷ் போட்டேன், வெயில் தாழ்ந்தப்புறம்தான் மருந்து போட்டேன். ராத்திரி முழுக்க மோட்டார் ஓடிச்சில்ல?"

"ஓடிச்சுப்பா."

"அப்போ வரக்கூடாதே." கோடுகளைக் காட்டினான். "யாரு சார் எறங்குனது? கையால சொரண்டி வெச்சிருக்காங்க."

"இங்க நான் ஒருத்தன்தான இருக்கிறேன்."

ரெக்ஸ் மறுபடி தேய்த்தான், மறுபடி மருந்து போட்டான். தினம் எட்டு மணி நேரம் மோட்டார் ஓடினால், வாரம் இரண்டு முறை சுவரைத் தேய்த்தால், பாசி இந்தப் பக்கமே வராது என்று சொல்லிவிட்டுப் போனான். வியாழக்கிழமை காலை பாசி அதே சுவரில் இருந்தது. கோடுகள் இடுப்பு உயரத்துக்கு ஏறியிருந்தன.

அப்படிச் சுரண்டிய சுவர் ஒன்றைச் சக்கரபாணி ஏற்கெனவே பார்த்திருந்தார்.

போன ஐப்பசி மழையில், உப்புத் தண்ணீருக்காக ஏழாம் பாத்தியில் அவர் அனுமதியில்லாமல் தோண்டிய இருபதடிக் குழியின் ஓரம் சரிந்து, உப்புக் குவியலை மழைக்கு மூட வந்த உப்பளக் கூலிப்பெண் மலர்கொடி உள்ளே விழுந்தாள். நெஞ்சளவு சேற்றில் நின்றுகொண்டு களிமண் சுவரை விரலால் சுரண்டிச் சுரண்டி ஏறப் பார்த்தாள். "ஐயா, கயிறு போடுங்க ஐயா" என்றாள். கயிறு போட அவர் ஒருவரால் ஆகாது. ஆள் கூப்பிட்டால் குழி வெளியே தெரியும். தெரிந்தால் உப்பளத்தின் குத்தகை போய்விடும். அவர் கூப்பிட்டது ஜேசிபியை. அது வந்து சேர்வதற்குள் குழியின் வாய் சரிந்து மூடிக்கொண்டிருந்தது. ஓட்ட வந்த ராஜவேல், பாதி மண் தள்ளியதும் நிறுத்திக் காதைச் சாய்த்தான்.

"ஐயா, உள்ள ஏதோ சொரண்டுற சத்தம் கேக்குது."

"மோட்டார் சத்தம்பா. தள்ளு."

அப்போது எந்த மோட்டாரும் ஓடவில்லை. மலர்கொடி எவனோடோ திருப்பூருக்குப் போய்விட்டாள் என்று ஊர் பேசியது. ஊருக்கு அதைச் சொன்னவரும் அவர்தான். பாவி மனிதர், அன்று ராத்திரி சோறும் தின்றார்.

போனில் ரெக்ஸ் இன்னும் மூன்று நாள் கேட்டான். சக்கரபாணியிடம் மூன்று நாள் இல்லை. தவிர, உப்பளக்காரருக்கு உப்பின் மேல் ஒரு திமிர் உண்டு. உப்புக்குத் தாங்கும் பச்சை எதையும் அவர் பார்த்ததில்லை. வரப்பில் புல் முளைத்தால் ஒரு கூடை உப்பு போதும்.

"நீ வராதப்பா. நான் பாத்துக்கறேன்."

"உப்பு கொட்டப் போறீங்களா? ஃபில்டர் அரிச்சிடும் சார்."

"அரிக்கட்டும்."

இருக்கிற உப்பிலேயே காரமானது எது என்று யோசித்து ஏழாம் பாத்தி உப்பையே கொண்டுவரச் சொன்னார். இந்த வருடம் வேறெங்கும் இல்லாத விளைச்சல் அந்தப் பாத்தியில்; அத்தனை வெள்ளை. பன்னிரண்டு மூட்டை. டிராக்டரோடு வந்து அதை இறக்கியவள் ஞானாம்பாள், மலர்கொடியின் அம்மா. கடைசி மூட்டையை அவிழ்த்துவிட்டு அவள் வழக்கம்போலக் கேட்டாள்.

"ஐயா, எம்பொண்ணு எதுனா போன் பண்ணிச்சா உங்களுக்கு?"

"இல்லம்மா. பண்ணா சொல்றேன்."

அவள் தன் கையாலேயே மூட்டைகளைக் குளத்தில் கொட்டினாள்.

வெள்ளிக்கிழமை காலை தண்ணீர் கண்ணாடியாகக் கிடந்தது. பாசி இல்லை. கோடு இல்லை. சக்கரபாணிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. போட்டோ எடுத்து மகளுக்கு அனுப்பினார். மத்தியானம் சாப்பிட்டுக் கட்டிலில் சாய்ந்தபோது, ஜன்னலுக்கு வெளியே வெயில் வெள்ளையாகக் கொதிக்க, பின்பக்கத்திலிருந்து அந்தச் சத்தம் வந்தது. உப்பு வாரும் பலகையைத் தரையோடு அழுத்தி இழுக்கும் சத்தம். சர்ர். கொஞ்சம் இடைவெளி. சர்ர். நாற்பது வருடமாகக் கேட்ட சத்தம், தப்பாகக் கேட்க வழியில்லை. எழுந்து போய்ப் பார்த்தார். யாரும் இல்லை. தண்ணீரிலிருந்து களிமண் வாடை வந்தது, மழையில் உடைந்த வரப்பின் வாடை. குளத்தின் தரை முழுக்க உப்பு சின்னச் சின்னக் குவியலாக, வரிசை பிசகாமல் வாரி வைக்கப்பட்டிருந்தது.

பன்னிரண்டு மூட்டை இத்தனை தண்ணீரில் கரைந்து காணாமல் போயிருக்க வேண்டும். இருநூறு மூட்டை கொட்டினாலும் இந்தத் தண்ணீரில் உப்பு தரையில் படிந்து இறங்காது. அந்தக் கணக்கு அவருக்குத் தெரியும். அன்று ராத்திரி அவர் தூங்கவில்லை.

சனிக்கிழமை காலை பத்து மணிக்குக் குளம் சிவந்திருந்தது.

உப்பளத்தில் பிழைத்தவர் எவருக்கும் அதன் அர்த்தம் தெரியும். பாத்தியில் தண்ணீர் சிவந்தால் உப்பு இறங்கப் போகிறது. அதன் பிறகு அதில் யாரும் கால் வைக்க மாட்டார்கள்.

போன் அடித்தது. "அப்பா, திண்டிவனம் தாண்டிட்டோம். இவ இப்பவே நீச்சல் டிரஸ் போட்டுக்கினா."

"மெதுவா வாங்கம்மா" என்றார். அந்தக் குழந்தை இந்தத் தண்ணீரில் இறங்கக் கூடாது. இதை முழுக்க வெளியேற்றிவிட வேண்டும். மோட்டார் அறைக்கு ஓடி வால்வைத் திறந்தார். தண்ணீர் போகவில்லை. எட்டிப் பார்த்தார். தரையில் இருந்த வடிகால் மூடியை ஏதோ அடைத்திருந்தது. கறுப்பாக. நீளமாக. முடி.

நீண்ட பிரஷ்ஷைக் கொண்டு கரையிலிருந்தே தள்ளிப் பார்த்தார். எட்டவில்லை. ஏணியில் ஒரு படி இறங்கினார். தண்ணீர் சுட்டது. இன்னொரு படி. இப்போதும் எட்டவில்லை. பேத்தியின் முகத்தை நினைத்துக்கொண்டு தரையில் கால் வைத்தார்.

கால் இறுகியது.

இழுத்தார். வரவில்லை. பாதத்தைச் சுற்றி வெள்ளை படர்ந்து ஏறியது. கணுக்கால். முழங்கால். எதிர்ச் சுவரில் பத்துக் கோடுகள், இப்போது விளிம்பு வரை.

"மலரு" என்றார். "கயிறு..."

அதற்கு மேல் சொல்ல வாய் இல்லை. பிரஷ் கை நழுவியது. ஏதோ ஒன்று அவர் இடுப்பைப் பிடித்து, அவசரமே இல்லாமல், உட்கார வைத்தது.

தலைக்கு மேலே தண்ணீர் வெளுத்தது. தடித்தது. மூடியது.

செத்துவிடுவோம் என்று காத்திருந்தார். சாகவில்லை. மூச்சு இல்லை, ஆனால் காது கேட்டது. கார் வந்தது. கதவு சாத்தும் சத்தம். மகள் கூப்பிட்டாள், வீட்டுக்குள், மாடியில், பிறகு வெளியே.

"அய்ய, குளத்தப் பாரேன். உப்பா உறைஞ்சு கெடக்குது. எங்க போனாரு இவரு?"

மேலே சின்னக் கால்கள் ஓடின. குதித்தன. உப்பு அசையவில்லை. சக்கரபாணி விரல்களை உயர்த்தி, அந்தக் கால்களுக்கு நேர் கீழே, நகம் பிய்யப் பிய்யச் சுரண்டினார்.

கால்கள் நின்றன.

"அம்மா, உள்ள யாரோ சொரண்டுறாங்க."

சுரண்டினார். சுரண்டினார்.

"மோட்டார் சத்தம்டீ. வா உள்ள."

கால்கள் போயின. இருட்டில், அவருக்கு மிக அருகில், களிமண் ஒட்டிய ஒரு கை வந்து அவர் விரல்களை ஒவ்வொன்றாகப் பிடித்துக் கீழே இறக்கியது.