நுனிகள் மட்டும் வெள்ளை

காலையில் முழுக்கப் பழுப்பாக இருந்த மான் கொம்பு, மாலையில் நுனிகளில் மட்டும் வெளுத்திருந்தது. பழைய கொம்புகளுக்கு நிறமேற்றிக் கொடுக்கும் அவளுக்கு, நுனிகளை உப்புத்தாளால் தேய்த்து வெளுக்கவைப்பதுதான் கடைசி வேலை. உயிரோடு இருக்கும் மான் மரத்தில் உரசி உரசி அப்படித்தான் ஆக்கிக்கொள்ளும். ஆனால் உப்புத்தாளை அவள் இன்னும் கையில் எடுக்கவே இல்லை.

யார் வீட்டுக் கூரையிலோ வெயிலும் மழையும் தின்ற கொம்பு. அவளிடம் வந்தபோது சுண்ணாம்புக் கட்டி போலிருந்தது. தேயிலைச் சாயம், மரப்பட்டைச் சாயம், எதைப் பூசினாலும் காய்ந்ததும் பல்லை இளித்தது. நேற்று மகள் ஓடிவந்து அதில் முட்டிக்கொண்டாள். நெற்றியில் இரண்டு சின்னக் காயம்.

"ஒண்ணுமில்லடா செல்லம். கண்ணைத் தரையில வச்சுக்கிட்டு ஓடினா இப்படித்தான்."

கைக்கு வந்த துணியால் ரத்தத்தைத் துடைத்துவிட்டாள். சாயம் பூசும் துணி. அதையே கொண்டுபோய்க் கொம்பில் தேய்த்தபோதுதான் முதல்முறையாக நிறம் பிடித்தது. காட்டில் கொம்புக்கு நிறம் கொடுப்பது மரச்சாறும், வளரும் கொம்பை மூடியிருந்து பிறகு உரியும் தோலின் ரத்தமும்தான் என்று அவளுக்குத் தெரியாதா என்ன? தெரிந்துதான் துணியைக் கொம்பின் மேல் இன்னொரு முறை பிழிந்தாள். அதை நினைத்தால் இப்போது அவளுக்கே அசிங்கமாக இருந்தது.

வெளியே மழை பிடித்துக்கொண்டது. பட்டறையாக மாற்றிய பின்னறையில் ஈரப் பலகை வாசனையும் சாயத்தின் புளித்த வாடையும் கலந்து தொண்டையில் நின்றன. அதற்கு நடுவே எங்கிருந்தோ, மரத்தில் மரம் உரசுவது போல, நிதானமாக, விட்டு விட்டு ஒரு சத்தம். எலியாக இருக்கும் என்று நினைத்தபடி கொம்பைத் தொட்டாள்.

வெதுவெதுப்பாக இருந்தது.

சத்தம் கேட்கும்போதெல்லாம் நுனி இன்னும் கொஞ்சம் வெளுத்தது. கொம்பு அசையவில்லை. சத்தம் மகளின் அறையிலிருந்து வந்தது. லேசான காய்ச்சல் என்று மதியம் அவள்தான் படுக்கவைத்திருந்தாள்.

"கண்ணு, தூங்கலையா?"

"நெத்தி அரிக்குதும்மா."

"சொறியாதடா தங்கம். புண்ணாயிடும்."

"சொறியல. தேய்க்கிறேன்."

நடையில் வந்து நின்றாள். மகளின் அறைக் கதவு நிலையில் பெயிண்ட் உரிந்திருந்தது. அவள் இடுப்பு உயரத்தில். மகளின் நெற்றி உயரத்தில். உள்ளே வெறும் மரம் தெரிந்தது. ஈரமாக.

கதவைத் தள்ளினாள்.

மகள் சன்னல் சட்டத்தில் நெற்றியை வைத்து மேலும் கீழும் தேய்த்துக்கொண்டிருந்தாள். நிறுத்தினாள். மெதுவாகத் திரும்பினாள்.

"இப்ப வலிக்கலம்மா."

நெற்றித் தோல் இரண்டு நாடாக்களாகக் கண்மேல் தொங்கியது. மேலே, இரண்டு முளைகளில், அந்தப் பழுப்பு. அவள் இத்தனை நாள் பாடுபட்டுக் கொண்டுவந்த அதே பழுப்பு.

நுனிகள் மட்டும் வெள்ளை.