முன் இருக்கையில் ஒரு மூட்டை

கதவைச் சாத்தியதும் காரின் திரையில் எழுத்து வந்தது: முன் இருக்கையில் மூட்டை ஒன்று.

முன் இருக்கையில் உட்கார்ந்திருந்த தர்ஷன் காலடியில் பார்த்தான், பின்னால் திரும்பிப் பார்த்தான். மூட்டை எதுவும் இல்லை. மடியில் இருந்த பையைப் பின் இருக்கைக்கு எறிந்தான். எழுத்து மாறவில்லை.

வெளியே, அவனுக்குக் கீழே வேலை செய்யும் நிரோஷன் குடையோடு நின்று கண்ணாடியைத் தட்டினான். "சேர், தேத்தண்ணி குடிக்க நிப்பாட்டச் சொன்னா இது நிப்பாட்டுமா?"

"ஒன்ன மாதிரி அரை மணிக்கு ஒருக்கா கேக்காது. மேல போய் வேலையப் பாரு."

"ட்ரைவர் இல்லாத வண்டி சேர். கோவம் வந்தா ஏசுறதுக்குக்கூட ஆளில்ல."

கார் தானாகக் கிளம்பியது. பிற்பகல் மூன்றே முக்கால். ஆனி மாத மழை. ஹட்டன் கடைகளில் அப்போதே விளக்குப் போட்டிருந்தார்கள். நுவரெலியா ஹோட்டல் ஒன்றில் கம்பனியின் பெரியவர்கள் காத்திருந்தார்கள். அவனுக்குக் கொழும்பில் மனேஜர் வேலை கொடுக்கப் போகிறார்கள். கூட்டிவர இந்தக் காரையே அனுப்பியிருந்தார்கள்.

அந்த வெளிநாட்டுக் கார் கம்பனி இரண்டு வருடத்தில் எல்லாவற்றையும் செயற்கை நுண்ணறிவிடம் கொடுத்துவிட்டது. காரை வரைவது அது. தொழிற்சாலையில் பிழை பிடிப்பது அது. முறைப்பாட்டுக்குப் பதில் சொல்வதும், விபத்து நடந்தால் யார் குற்றம் என்று தீர்ப்பதும் அதுதான். அதற்குக் கண் கொடுத்தவர்கள் ஹட்டனில் ஓர் இரும்புக்கடையின் மேல்மாடியில் இருந்த முப்பது பேர். வீதிப் படங்களில் தெரியும் ஒவ்வொன்றையும் சுற்றிப் பெட்டி வரைந்து பெயர் போட வேண்டும். ஆள், நாய், பஸ், மூட்டை. போட்டது சரியா என்று பார்த்து அனுப்புகிறவன் தர்ஷன்.

கொட்டகலை தாண்டியதும் மூடுபனி இறங்கியது. தேயிலை மலை தெரியவில்லை, வீதியின் வெள்ளைக் கோடும் தெரியவில்லை. கண்ணாடிகள் இறுகச் சாத்தியிருந்தன, ஆனாலும் புது இருக்கையின் பிளாஸ்டிக் மணத்துக்கு அடியிலிருந்து வேறொரு மணம் கிளம்பி வந்தது, நனைந்த சாக்கின் மணம், பறித்துச் சூடேறிய தேயிலைக் கொழுந்தின் மணம், அவன் பிறந்த தோட்டத் தொழிலாளர் லயத்துக் காம்பராவில் அம்மா நுழையும்போதெல்லாம் கூடவே நுழைந்த மணம்.

எங்கோ தண்ணீர் சொட்டியது. காருக்குள்ளே.

"மூட்டை அசையுதும்மா," என்றது காரின் குரல்.

அந்த முப்பது பேரில் ஒருத்தியான தனுஜாவின் குரல். காருக்குத் தமிழ் பேசக் கற்றுக்கொடுக்க அறுபது மணி நேரம் பேசிப் பதிந்தவள் அவள். ஆனால் இந்த வசனம் பதிவில் இல்லை. பதிவு முழுவதையும் கேட்டுச் சரிபார்த்தவன் அவன்.

"அசையட்டும்," என்றது இன்னொரு குரல். வயதான குரல். தொண்டையில் தண்ணீர் நிற்பது போல.

மறுபடி பின்னால் திரும்பிப் பார்த்தான். அவன் எறிந்த பை மட்டும்.

மாசி மாதம் ஒரு வெள்ளிக்கிழமைக்குள் நாலாயிரம் படம் அனுப்ப வேண்டியிருந்தது. எல்லாம் இந்த வீதிப் படங்கள். மழையில் கொழுந்து மூட்டையைத் தலையில் வைத்து, மேலே பிளாஸ்டிக் தாளைப் போர்த்தி, குனிந்து நடக்கும் பெண்கள். முகம் தெரியாது. கால் தெரியாது. தனுஜா எழுந்து கேட்டாள். "சேர், இவங்கள ஆளுன்னு போடவா, மூட்டைன்னு போடவா?" முகமும் காலும் தெரியாவிட்டால் ஆள் இல்லை என்றது கம்பனியின் விதி. எழுதிக் கேட்டால் பதில் வர ஒரு வாரம். படத்தில் இருப்பது என்ன என்று அவனுக்குத் தெரியும். அவன் அம்மாவும் அப்படித்தான் நடந்தாள்.

"மூட்டைன்னு போடு," என்றான்.

சித்திரையில், கொட்டகலைக்கு அப்பால் ஒரு வளைவில், கொழுந்து மூட்டையோடு நடந்த தனுஜாவின் அம்மா வேலாயியைக் கம்பனியின் சோதனைக் கார் அடித்துக் கொன்றது. வேகம் குறையவில்லை, நிற்கவும் இல்லை. யார் குற்றம் என்று செயற்கை நுண்ணறிவு தீர்ப்பு எழுதியது: வீதியில் மூட்டை ஒன்று கிடந்தது. ஆள் யாரும் இல்லை. உறுதிப்படுத்தும் இடத்தில் தர்ஷன் கையெழுத்துப் போட்டான்.

எட்டாம் நாள் தனுஜா வந்து அவன் மேசைக்கு முன்னால் நின்றாள். "அன்னிக்கு நா ஒங்ககிட்ட கேட்டேன்ல சேர்?"

"விதி அப்பிடித்தான் தங்கச்சி. நா என்ன செய்ய?"

அவள் படியிறங்கிப் போனாள். அதன் பிறகு அவளை யாரும் பார்க்கவில்லை.

கார் பிரதான வீதியை விட்டுத் தோட்டப் பாதையில் திரும்பியது.

"நிப்பாட்டு! இது வழியில்ல!"

திரையில் எழுத்து வந்தது: மூட்டையிலிருந்து சத்தம்.

கதவை இழுத்தான். பூட்டியிருந்தது. கைபேசியை முகத்துக்கு நேரே பிடித்தான், அது திறக்கவில்லை. முகம் தெரியவில்லை என்றது. கன்னத்தைத் துடைத்துவிட்டு மறுபடி பிடித்தான். முகம் தெரியவில்லை. கன்னம் விரலுக்குச் சொரசொரத்தது. சாக்கு போல.

"நா ஆளு! தனுஜா, பாரு, நா ஆளு!"

"என்னம்மா போட?" என்று கேட்டாள் தனுஜா.

"விதியில என்ன இருக்கோ அதப் போடு."

கார் நின்றது. கொழுந்து நிறுக்கும் மடுவம். தகரக் கூரையில் மழை. கதவு தானாகத் திறந்தது.

பனிக்குள்ளிருந்து அவர்கள் வரிசையாக வந்தார்கள். குனிந்து, பிளாஸ்டிக் தாளைப் போர்த்தி, நாலாயிரம் படத்தில் அவன் பார்த்த அதே நடை. முன்னால் வந்தவளின் தாளுக்கு அடியில் முகம் இருக்க வேண்டிய இடத்தில் இருட்டு. இருட்டிலிருந்து தண்ணீர் வடிந்தது. நான்கு கைகள் அவன் தோளையும் இடுப்பையும் பிடித்தன. தேயிலைக் கறை ஏறி வெடித்த விரல்கள். ஓட நினைத்தான். கால் இல்லை. கால் இருந்த இடத்தில் கயிறு கட்டிய முடிச்சு.

தூக்கினார்கள்.

தராசுக் கொக்கி தோள்பட்டைக்குக் கீழே இறங்கியது. வலித்தது. சாக்குக்கு வலிக்குமா? வலித்தது. கத்தினான். வாய் திறக்கவில்லை.

"எழுபத்தொன்னு," என்றது தொண்டையில் தண்ணீர் நிற்கும் குரல்.

தினமும் மூன்று தடவை இந்த மடுவத்தில் நடப்பதுதான். நிறுப்பார்கள். பிறகு ஈரத்துக்கென்று கழிப்பார்கள். வெயில் அடித்தாலும் கழிப்பார்கள்.

"மழ மூட்ட," என்றாள் தனுஜா. "தண்ணிக்கு ரெண்டு கிலோ கழிச்சிரும்மா."

வரிசையிலிருந்து ஒருத்தி செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியை எடுத்து, தேயிலைச் செடிக்குக் குனிவதைப் போல அவன் முன்னால் குனிந்தாள்.

தராசு முள் எழுபத்தொன்றில் நின்றது. மெல்ல அசைந்தது. எழுபதரை.