கல்லண்ணாச்சியும் கூட வருகிறார்

மூன்று டீ என்றுதான் ஆனந்தவள்ளி சொன்னாள். செங்கோட்டையில் சாரலுக்குத் தார்ப்பாய் இழுத்துக் கட்டியிருந்த அந்தக் கடையின் டீ மாஸ்டர், நான்கு கண்ணாடித் தம்ளர்களை விரல் இடுக்குகளில் கோத்துக்கொண்டு வந்து பெஞ்சில் வைத்தார்.

“அண்ணாச்சி, மூணுல்லா சொன்னேன்?”

“நாலு பேருதான வந்து எறங்குனிய?” என்றார் அவர். ஒவ்வொருவராகப் பார்த்தார். சுவரில் சாய்த்து வைத்திருந்த மூன்று சைக்கிள்களைப் பார்த்தார். பிறகு துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “எண்ணிக்க தப்பிட்டு போல. குடிங்க, அதுக்குக் காசு வேண்டாம்.”

“தப்பலாம் இல்ல அண்ணாச்சி” என்று சிரித்தான் அவள் தம்பி மணிமுத்து. முதுகுப்பையைத் திறந்து, இரண்டு கை கொள்ளும் அளவு கருங்கல் ஒன்றை எடுத்துப் பெஞ்சில் உட்கார வைத்தான். ஆற்றுக்கல். நான்காவது தம்ளரை அதன் முன்னால் நகர்த்தினான். “இது கல்லண்ணாச்சிக்கு. குடிங்க அண்ணாச்சி, கூச்சப்படாதிய. எங்ககூடத்தான வரப்போறிய!”

ஆனந்தவள்ளியின் தோழி நிர்மலாதேவிக்குச் சிரிப்பில் புரையேறியது. ஆனந்தவள்ளியும் சிரித்தாள். தம்பி வேடிக்கை பேசிக் கேட்டு எட்டு மாதம் ஆகியிருந்தது. அதற்காக அந்தக் கல்லுக்கு வடையும் சேர்த்து வாங்கித் தந்திருப்பாள்.

இருபத்திரண்டு வயதில் மூன்றாம் தடவையாகப் போலீஸ் தேர்வு ஓட்டத்தில் சில நொடிகளில் தோற்று வந்து அறைக்குள் படுத்தவன் அவன். சாப்பாட்டுக்குக்கூட எழுந்து வராத நாட்கள் உண்டு. ஒரு நாள் அம்மா பார்வதியம்மாள் ஸ்க்ரூ டிரைவர் எடுத்து வந்து அவன் அறைக் கதவின் உள்தாழ்ப்பாளைக் கழற்றினாள். அன்று ராத்திரி ஆனந்தவள்ளிக்குத் தூக்கம் வரவில்லை. விடிந்ததும் அவள் போட்ட திட்டம்தான் இந்த மலைச் சைக்கிள் பயணம்.

தென்காசியிலிருந்து கிளம்பி, குற்றாலம், செங்கோட்டை வழியாக முதல் ராத்திரி புளியறை. இரண்டாம் நாள் கணவாய் தாண்டித் தென்மலை. மூன்றாம் நாள் காட்டுக்குள் ஏறும் கல்ரோடு. நான்காம் நாள் வீடு. இ-சேவை மையத்தில் கணினி முன்னால் உட்கார்ந்து ஊருக்கெல்லாம் சான்றிதழ் எடுத்துக் கொடுக்கிறவள் ஆதலால், அவள் பட்டியலில் பஞ்சர் ஒட்டும் பசைக்குக்கூடத் தனிக் கட்டம் இருந்தது. இரண்டு சைக்கிள் பழையது வாங்கியது, ஒன்று இரவல். ஓட்டலில் தங்கினால் கட்டுப்படியாகாது என்று லாரி டிரைவர்கள் சாப்பிடும் ஒரு கடையின் மாடியறையைப் பேசி வைத்திருந்தாள். அதை நேரில் பார்க்கவும், கால் தாங்குகிறதா என்று தெரிந்துகொள்ளவும்தான் இந்த ஞாயிற்றுக்கிழமை ஒத்திகை.

பார்வதியம்மாள் இரண்டு நிபந்தனைகளோடு சம்மதித்தாள். முதலாவது, “எம்புள்ளைய முழுசா கொண்டாந்து எங்கையில விடணும்.” இரண்டாவது, மூன்று பேராகப் படி இறங்கக்கூடாது. மூன்று பேர் சேர்ந்து போனால் போன காரியம் உருப்படாது, ஆகையால் ஒரு கல்லைக் கூட எடுத்துக்கொண்டு நாலாவது ஆளாகக் கணக்கு வைத்துக்கொள்ள வேண்டும். ஊரில் பெண் பார்க்கப் போகிறவர்களெல்லாம் செய்வதுதான். கிளம்பும் அவசரத்தில் மூவரும் மறந்துவிட்டார்கள். குற்றாலம் தாண்டும்போது அம்மா போனில் வந்து கத்த, மணிமுத்து சைக்கிளைப் போட்டுவிட்டுச் சிற்றாற்றுப் பக்கம் இறங்கி ஓடி, இந்தக் கல்லோடு திரும்பி வந்தான்.

டீ குடித்து எழுந்தபோது நான்காவது தம்ளரும் காலியாக இருந்தது.

“குடிச்சிட்டியாலே?”

“நான் தொடலக்கா. நீ குடிச்சேன்னுல்லா நெனச்சேன்?”

நிர்மலாதேவி உதட்டைப் பிதுக்கினாள். கடை நாய் ஏதாவது தட்டிவிட்டிருக்கும் என்று ஆனந்தவள்ளி குனிந்து பார்த்தாள். பெஞ்சுக்கு அடியில் மண் காய்ந்து கிடந்தது.

செங்கோட்டைக்கு மேற்கே சாலையின் இருபுறமும் நடவு முடிந்த வயல்களில் தண்ணீர் தளும்பி நிற்க, அதற்கு அப்பால் தென்னைகளும் அவற்றின் தலைக்கு மேல் பாதி மேகத்துக்குள் போய்விட்ட மலையும் தெரிய, ஈர மண்ணும் லாரி டீசலும் கலந்த வாசனையை முகத்தில் வாங்கிக்கொண்டு அவர்கள் போனார்கள். இறக்கத்தில் மிதிக்காமல் விட்டபோது பின்சக்கரங்கள் டிக்டிக்கென்று சுழலும் சத்தம் கேட்டது. அந்தச் சத்தம் ஆனந்தவள்ளிக்குப் பிடிக்கும். தன்னுடையது கட்டையாக அடிக்கும், நிர்மலாவுடையது வேகமாக, தம்பியுடைய இரவல் சைக்கிள் மெல்லிசாக. மூன்றையும் பிரித்துக் கேட்டுக்கொண்டே போனவள், நான்காவதாக ஒன்றைக் கேட்டாள். நனைந்த மணலில் ஏதோ அரைபடுகிறாற்போல மெதுவான டிக், டிக்.

திரும்பிப் பார்த்தாள். தம்பி மட்டும்தான் வந்துகொண்டிருந்தான், இறக்கத்திலும் எழுந்து நின்று மிதித்தபடி.

“ஏலே, என்ன அங்கனயே நிக்கே?”

“தெரியலக்கா. பின்னால யாரோ உக்காந்த மாதிரி கனக்கு.”

டயரில் காற்று இறங்கியிருக்கும் என்று நிறுத்தி அமுக்கிப் பார்த்தாள். டயர் கல்லாக இருந்தது. குனிந்தபோது ஒரு வாசனை வந்தது. எள், மஞ்சள், நனைந்த பூ. எங்கேயோ முகர்ந்த வாசனை. எங்கே என்று நினைக்க அவளுக்கு மனம் வரவில்லை.

புளியறையில் கடைக்கார சைதூன் பீவி முகம் மலர வரவேற்று மாடிக்கு அழைத்துப் போனார். சுத்தமான அறை. ஜன்னலைத் திறந்தால் மலை. ஆளுக்கு நூற்றைம்பது, காலையில் புட்டும் கடலையும் சேர்த்து. ஆனந்தவள்ளி மனதுக்குள் தன் பட்டியலில் ஒரு டிக் போட்டாள். அறையில் நான்கு பாய்கள் விரிக்கப்பட்டிருந்தன.

“பீவியம்மா, நாங்க மூணு பேருதான்.”

“அப்போ அவுக?” சைதூன் பீவி மாடிப்படியின் பக்கம் கை காட்டினார். “வயசான மனுசன், ஏன் வாசல்லயே நிக்காக? சொட்டச் சொட்ட நனைஞ்சிருக்காக. உள்ள வரச் சொல்லு தாயி.”

படியில் யாரும் இல்லை. ஆனால் ஈரம் இருந்தது. கீழ்ப்படியிலிருந்து ஒவ்வொன்றாக, வெறுங்காலின் தடம். கடைசித் தடம் வாசற்படிக்கு வெளியே நின்றிருந்தது.

ஆனந்தவள்ளி அறைக்குள் திரும்பினாள். தம்பியின் பையைப் பிடுங்கிக் கல்லை வெளியே எடுத்தாள். இப்போதுதான் அதை ஒழுங்காகப் பார்த்தாள். அதன் குழிவுகளில் மஞ்சள் அப்பியிருந்தது. அடிப்பக்கம் இரண்டு மூன்று எள் ஒட்டியிருந்தது.

“எங்கன எடுத்தே?”

“ஆத்துல, கரையோரமா முங்கிக் கெடந்துச்சு. ஒரு வெள்ளத்துணி சுத்தியிருந்துச்சு. அத அவுத்துப் போட்டுட்டு எடுத்தேன். ஏன்க்கா?”

நிர்மலாதேவி சுவரோடு ஒட்டிக்கொண்டாள். போன வருஷம்தான் அவள் அப்பா இறந்திருந்தார். “ஏட்டி, இது கருமாதிக் கல்லு. செத்தவுகள இதுலதான் எறக்கி வைப்பாவ. பத்து நாள் சோறு வச்சுக் கும்பிட்டு, கடைசில தண்ணில விட்டுட்டுத் திரும்பிப் பாக்காம வந்துருவாவ. எங்க அண்ணன் விடும்போது நான் இருந்தேன்.” கல்லைக் கைகாட்டினாள். “இவன் அத எடுத்து டீயும் குடுத்து, எங்ககூட வாங்கன்னு கூப்பிட்டிருக்கான்.”

மணிமுத்துவின் முகம் வெளுத்துவிட்டது. எட்டு மாதத்துக்கு முன்னால் அறைக்குள் போன அதே முகம். ஆனந்தவள்ளிக்கு எல்லாவற்றையும் விட அதுதான் பயமாக இருந்தது.

“ஒண்ணும் இல்லலே. எடுத்த எடத்துலயே விட்டுருவோம். அவ்வளவுதான். வா” என்றாள்.

சைதூன் பீவி கொடுத்த தண்ணீரைக்கூடக் குடிக்காமல் கிளம்பினார்கள். சாரல் வலுத்து மழையாகியிருந்தது. எதிரே வந்த லாரிகள் அதற்குள்ளாகவே விளக்குப் போட்டிருந்தன. தம்பியை நடுவில் விடத்தான் நினைத்தாள். அவனால் வேகம் கொடுக்க முடியவில்லை, பின்தங்கிக்கொண்டே போனான். அவள் நின்று நின்று கூப்பிட்டாள்.

“மணி!”

“வாரேன்க்கா! தள்ள முடியல, இரி!”

டிக்டிக் சத்தம். மூன்று. அப்புறம் அந்த நான்காவது.

குற்றாலத்துக்கு முன்னால் பிரதான சாலையை விட்டு விலகி, தென்னந்தோப்பின் ஓரமாக ஆற்றுக்கு இறங்கும் தடத்தில் நின்றபோது வெளிச்சம் ஏறக்குறைய போய்விட்டது. தூரத்தில் அருவி இரைந்தது. ஆறு செம்மண் நிறத்தில் ஓடியது.

“எடுத்தவன்தான் விடணும்” என்றாள் நிர்மலாதேவி. “எறங்கி, ஒரு முங்கு போட்டு, தோளுக்குப் பின்னால விட்டுட்டு வந்துரணும். அவனும் திரும்பக் கூடாது, நாமளும் பாக்கக் கூடாது. வீடு போய்ச் சேருற வரைக்கும்.”

“நானும் அவன்கூட எறங்குதேன்.”

“நீயா எடுத்தே? போற காரியத்தக் கெடுத்துராத ஆனந்தி.”

“அர நிமிஷம்க்கா” என்றான் மணிமுத்து. அவனே சொன்னதால் அவள் விட்டாள். போகும்போது அவள் கையை ஒரு தரம் அழுத்தினான். அவன் கை சூடாக இருந்தது.

இரண்டு பெண்களும் ஆற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்கள். ஷூக்கள் சரளையில் நெரியும் சத்தம். தண்ணீரில் ஒரு கால். இன்னொரு கால். முழங்கால் ஆழம். இடுப்பு. பிறகு முங்கும் சத்தம். கல் விழும் சத்தம் எப்போது வரும் என்று காத்திருந்தாள்.

வந்தது.

அதற்கப்புறம் எதுவும் இல்லை. அருவி. மழை. தென்னை ஓலையிலிருந்து சொட்டும் தண்ணீர். அவள் எண்ண ஆரம்பித்தாள். இருபது. முப்பது. நாற்பது.

“மணி?”

ஐம்பது.

“மணி! ஏலே!”

கழுத்து தானாகத் திரும்பியது. நிர்மலாதேவியின் நகங்கள் அவள் கையில் இறங்கின. “பாக்காத. பாத்தா அவனுக்குத்தான் கேடு. பாக்காத.”

“இருக்கேன்க்கா.”

அவன் குரல்தான். ஆனந்தவள்ளிக்கு அழுகை வந்துவிட்டது. காலடிகள் சரளையில் ஏறி வந்தன. மெத்து மெத்தென்று. ஷூ தண்ணீரில் போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். போனால் போகட்டும், அறுநூறு ரூபாய் ஷூ. சைக்கிள் ஸ்டாண்டு தட்டும் சத்தம் கேட்டது.

தென்காசி ரோட்டில் காதைத் தீட்டிக்கொண்டு மிதித்தாள். இறக்கம் வந்தது. மூவரும் மிதிப்பதை நிறுத்தினார்கள். கட்டையாக ஒன்று. வேகமாக ஒன்று. இன்னொன்று. மூன்றுதான். மூன்றே மூன்று! அவளுக்குச் சத்தம் போட்டுச் சிரிக்க வேண்டும்போல இருந்தது.

“மணி, காட்டு ரோட்ட விட்டுருவோமா? ரெண்டு நாளாச் சுருக்கிக்கிடுவோம், செலவும் மிச்சம்.”

“இருக்கேன்க்கா.”

“நாளைக்கு ஒனக்கு வேற ஷூ எடுத்துருவோம்.”

“இருக்கேன்க்கா.”

பயந்து போயிருக்கிறான். சளி பிடிக்கும், வெந்நீர் வைத்துக் கொடுக்க வேண்டும். அப்படித்தான் நினைத்தாள். அப்படி நினைக்க மிகவும் கஷ்டப்பட்டாள். நிர்மலாதேவி தன் தெரு முனையில் தலையைத் திருப்பாமல் பிரிந்து போனாள். அதற்கப்புறம் இரண்டு சத்தம்தான். அவளுடைய கட்டைச் சத்தம். அதற்குப் பின்னால், மிக அருகில், நனைந்த மணல் அரைபடுகிற மாதிரி ஒன்று.

அவள் மிதித்தாள். வேகமாக. தெருவிளக்கு. பால் பண்ணை. இன்னும் நான்கு வீடு. திரும்பாதே. மூன்று வீடு. எள். மஞ்சள். நனைந்த பூ. திரும்பாதே.

வாசல் விளக்குக்குக் கீழே பார்வதியம்மாள் நின்றிருந்தாள். ஆனந்தவள்ளி சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடி அம்மாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். “வந்துட்டோம்மா. ரெண்டு பேரும் வந்துட்டோம்.”

அம்மா அவளைப் பார்க்கவில்லை. அவள் தோளுக்கு மேலாகப் பார்த்தாள். பிடித்திருந்த கைகள் குளிர்ந்துகொண்டே போயின.

“தம்பி எங்க ஆனந்தி?”

“இந்தா, பின்னாலதாம்மா நிக்கான்.”

“இது யாரு?”

வீடு வந்தாயிற்று. ஆனந்தவள்ளி திரும்பினாள்.

மணியின் சைக்கிள். மணியின் மஞ்சள் மழைக்கோட்டு. மணியின் ஹெல்மெட். ஹெல்மெட்டின் வாருக்கு உள்ளே, தாடையைச் சுற்றி இழுத்துக் கட்டிய வெள்ளைத் துணி. மூக்கில் நனைந்த பஞ்சு. நெற்றியில் கரைந்து வழியும் ஒரு ரூபாய்க் காசு அகலச் சந்தனம்.

கட்டிய வாய் அசையவில்லை. உள்ளேயிருந்து அவள் தம்பியின் குரல், நீரில் முங்கியவன் குரல், “இருக்கேன்க்கா” என்றது.

பிறகு அது சைக்கிளைச் சுவரில் பதமாகச் சாய்த்து வைத்தது. வெறுங்காலோடு படியேறி, இரண்டு பெண்களுக்கும் நடுவே நுழைந்து, விளக்கெரியும் வீட்டுக்குள் போனது.