ஒன்பதாவது பெட்டி

மந்தைவெளி ரயில் நிலையத்தை ஒட்டிய தெரு ஒன்றில், பழைய பங்களா ஒன்று டயாலிசிஸ் சென்டராக மாறியிருந்தது. கார்த்திகை மழை பெய்வதா நிற்பதா என்று தெரியாமல் தூறிக்கொண்டிருந்த ஒரு முற்பகலில் ஜவஹர் அங்கே ஆட்டோவில் வந்து இறங்கினான். வாசலில் தேங்கிய தண்ணீரைப் பார்த்தான். தன் ஷூவைப் பார்த்தான். "இந்த ஓட்டைக் கட்டடத்துக்கெல்லாம் என்னை அனுப்புறானுங்க" என்று முனகிக்கொண்டே, போட்டிருந்த செங்கற்களின் மேல் தாவித் தாவி உள்ளே போனான்.

அவனுக்கு முப்பத்துநாலு வயது. பெருங்குடியில் ஒரு கம்பெனி. மருத்துவமனை, கல்யாண மண்டபம், ஐஸ் கிடங்கு என்று கேட்டவர்களுக்கெல்லாம் கம்ப்யூட்டரில் ஓடும் புரோகிராம் எழுதித் தருவது வேலை. இந்த சென்டரின் புரோகிராமும் அவன் எழுதியதுதான். திறமைசாலி, அதை யாரும் மறுக்க முடியாது. கூடவே, தான் எழுதியதைத் தொடுகிற அத்தனை பேரும் மடையர்கள் என்ற முடிவும் அவனிடம் இருந்தது. யாராவது குறை சொல்லிப் போன் செய்தால், "முதல்ல ஸ்விட்ச் போட்டீங்களா?" என்று கேட்பான். பக்கத்து மேஜைகளில் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்புக்காகவே கேட்பான்.

ஷூவைக் கழற்றி வைத்துவிட்டு காலுறையோடு நடந்தான். பகலிலும் இருட்டான நடை. தடித்த சுவர்கள். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் எட்டு நாற்காலிகளில் எட்டு பேர் சாய்ந்து கிடக்க, ரத்தம் சுத்தம் செய்யும் இயந்திரங்கள் மெதுவாக உறுமின. டெட்டால் வாசனைக்கு அடியில் இன்னொன்றும் இருந்தது. நனைந்த பஞ்சு மெத்தையின் வாசனை.

மேனேஜர் ஷண்முகப்ரியா "ஜவஹர் சார்தானே? வாங்க" என்று கூப்பிட்டு, அவனைக் கம்ப்யூட்டர் மேஜைக்கு அழைத்துப் போனாள்.

"ரெண்டு மாசமா இப்படித்தான் சார். இருக்கிறது எட்டு சேர். ஸ்கிரீன்ல ஒன்பது பெட்டி வருது."

"எட்டுக்கும் ஒன்பதுக்கும் வித்தியாசம் தெரிஞ்சவங்க யாராவது இங்க இருக்காங்களா மேடம்?"

அவள் சிரிக்கவில்லை. "இந்த மேஜையில உக்கார ஆளே நிக்கறதில்ல. நாலு பொண்ணுங்க ஓடிட்டாங்க. நானே உக்காந்து பாத்துக்கறேன். பாக்காம விட்டா யாருக்காவது ஒண்ணு ஆயிடும்."

அவள் பயப்படுவதில் நியாயம் இருந்தது. ஒவ்வொரு நாற்காலியிலும் ஒரு மணி பட்டன் உண்டு. நோயாளி அமுக்கினால் திரையில் அவருக்கான பெட்டி சிவப்பாகும். அழைத்து எத்தனை நிமிடம் ஆனது என்று அதில் எண் ஓடும். மற்றவர்கள் தூங்குவார்கள் என்பதால் சத்தம் கிடையாது. நிறம் மட்டும்தான். மேஜையில் இருப்பவர் பார்த்து நர்ஸை அனுப்ப வேண்டும்.

ஜவஹர் மானிட்டரைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினான். குட்டையான, மஞ்சள் பூத்த பழைய மானிட்டர். திரையில் எட்டு பச்சைப் பெட்டிகள் சமர்த்தாக நின்றன.

"எங்க உங்க பேய்?"

நடையில் தரை துடைத்துக்கொண்டிருந்த பெண் தலை நிமிர்ந்தாள். வேலம்மா. ஐம்பது வயதிருக்கும். கண்ணகி நகரிலிருந்து இரண்டு பஸ் மாறி வருகிறவள்.

"பன்னெண்டுக்கு இன்னும் பத்து நிமிசம் கீதுல்ல சார். இப்ப வரும் பாரு."

ஷண்முகப்ரியாவை உள்ளே யாரோ கூப்பிட்டார்கள். அவள் போனாள்.

பெட்டி வந்தது.

திரையின் அடி ஓரத்தில், எட்டுக்கும் கீழே, சிவப்பாக. பேர் இல்லை. "0 நிமிடம்" என்று மட்டும் இருந்தது.

ஜவஹர் கொட்டாவி விட்டான். இதைவிடக் கோணலான கோளாறுகளையெல்லாம் பார்த்தவன். எப்போதோ யாரோ ஒரு கற்றுக்குட்டி புரோகிராமைத் திருத்தியிருப்பான், எதையோ அழிக்காமல் விட்டிருப்பான். விண்டோவில் எத்தனை பாகங்கள் இருக்கின்றன என்று புரோகிராமையே எண்ணிச் சொல்ல வைத்தான். எட்டு என்றது. ஒவ்வொரு பாகத்துக்கும் நீலக் கரை போடச் சொன்னான். எட்டைச் சுற்றியும் நீலக் கோடு விழுந்தது. சிவப்புப் பெட்டியைச் சுற்றி எதுவும் இல்லை.

"மானிட்டர்ல கறை" என்றான், தனக்கே. விண்டோவைப் பிடித்து வலது பக்கம் இழுத்தான். பெட்டியும் கூடவே வந்தது.

சரி, திரையைப் படம் எடுப்போம். எடுத்தான். படத்தில் எட்டு பெட்டிகள். கீழே வெறும் வெள்ளை.

"4 நிமிடம்."

எரிச்சலோடு விண்டோவின் கீழ் விளிம்பைப் பிடித்து மேலே தள்ளிச் சுருக்கினான். சுருக்கினால் கீழே இருக்கிற பெட்டிகள் விளிம்புக்குக் கீழே போய் மறையும். அதுதான் விதி. அவனே எழுதிய விதி. ஏழாவதும் எட்டாவதும் மறைந்தன.

சிவப்புப் பெட்டி மறையவில்லை.

அது மேலே ஏறியது. ஆறாவது பெட்டியை மூடிக்கொண்டு நின்றது. இன்னும் சுருக்கினான். நான்காவதின் மேல் ஏறியது. இரண்டாவதின் மேல். கடைசியில் விண்டோ ஒரு தீப்பெட்டி அளவுக்கு வந்தபோது, அதற்குள் அது மட்டும்தான் இருந்தது.

"9 நிமிடம்."

கோளாறு அவனுக்குப் புரியவில்லை. புரிந்தது வேறொன்று. இந்தக் குட்டை மானிட்டரில் திரையின் உயரம் எவ்வளவு என்று மனசுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தான். எட்டு பெட்டிகள்தான் அடங்கும். ஒன்பதாவது இருந்திருந்தால் விளிம்புக்குக் கீழே போயிருக்கும். கீழே இழுத்துப் பார்க்க அவன் வழி எதுவும் வைக்கவில்லை. பெருங்குடியில் அவன் மேஜையில் இருந்தது பெரிய மானிட்டர். அதில் ஒன்பதும் அழகாகத் தெரிந்தன.

"இங்க ஒன்பதாவது சேர்னு ஒண்ணு இருந்துச்சா?" என்று கேட்டான். குரல் இறங்கியிருந்தது.

வேலம்மா மாப்பைச் சுவரில் சாய்த்தாள்.

"இருந்துச்சே. மூணு வருசம் முன்ன, பின்னாடி ரூம்புல ஒண்ணு எக்ஸ்ட்ரா போட்டாங்க. அதுல அக்பர் பாஷா பாய் வருவாரு. ஐஸ் அவுஸ் ஏரியாவுல மெத்த தெக்கிறவரு. தொண்டைல ஆப்பரேசன் பண்ணி, பேச்சே கெடயாது. பெல்லு தான் அவருக்கு வாயி. கையில சொருகின ஊசி போர்வைக்குள்ளயே கழண்டுகினு ரத்தம் பூரா கீழ ஊத்திச்சு. மெசினும் கத்தல. நாப்பத்திரெண்டு நிமிசம் பெல்ல அமுக்கிகினே இருந்துக்கீறாரு. அவரு அமுக்கினதெல்லாம் கம்பூட்டர்ல எழுதி இருந்துச்சாம். ஸ்கிரீன்ல மட்டும் வர்ல."

"மேஜையில யார் இருந்தா?"

"எம் பொண்ணு. தமிழ்மொழி."

அந்தப் பேர் அவனுக்கு நினைவிருந்தது. மூன்று வருடங்களுக்கு முன் ஒரு பெண் போன் செய்தாள். சார், ஒன்பதாவது பெட்டி தெரியல சார். அவன் வழக்கமான கேள்வியைக் கேட்டான். பக்கத்து மேஜைகள் சிரித்தன. அவள் மறுநாளும் அழைத்தாள், அதற்கடுத்த நாளும். தன் பெரிய மானிட்டரைப் படம் எடுத்து அனுப்பி, கீழே ஒரு வரி எழுதி, புகாரை மூடினான்: மென்பொருளில் குறை இல்லை; இயக்குபவரின் அறியாமை. இரண்டு வாரம் கழித்து, அந்தப் பெட்டி வேலை செய்ததா என்று கேட்டு சென்டரிலிருந்து கடிதம் வந்தது. எதற்காகக் கேட்கிறார்கள் என்று அவன் கேட்கவில்லை. அதே படத்தை, அதே வரியோடு, மறுபடி அனுப்பினான்.

"கம்பெனிலருந்து ஒரு காயிதம் வந்துச்சு, அத காட்டித்தான் அவள வெளிய அனுப்பினாங்க. உன்னாலதான் எங்கப்பா பூட்டாருன்னு பாயோட பையன் அவகிட்ட வந்து இங்கயே அழுதான். அன்னிலருந்து அவ வேலைக்கே போகல. ராவும் பகலும் சொவத்தப் பாத்துகினு குந்தினுகீறா."

"26 நிமிடம்."

ஜவஹர் எழுந்தான். பின்னறையைப் பார்த்துவிட்டால் போதும், ஏதாவது ஒயர் ஈரத்தில் உரசிக்கொண்டிருக்கும், காரணம் கிடைத்துவிடும் என்று நினைத்தான். நடையின் கோடியில் கதவு. தள்ளினான். பழைய சாமான்கள். ஜன்னலில் மழை வெளிச்சம். நடுவில் ஒரு நாற்காலி, மேலே போர்வை போட்டு மூடியிருந்தது. சுவரிலிருந்து வந்த மணியின் ஒயர் பாதியில் வெட்டப்பட்டுத் தொங்கியது. அதன் முனையில் எதுவும் இல்லை.

பஞ்சு வாசனை மூக்கை அடைத்தது.

டிக்.

பட்டனை அமுக்குகிற சத்தம். போர்வைக்கு அடியிலிருந்து.

டிக்... டிக்.

அவசரம் இல்லாத சத்தம். கத்தத் தெரியாத ஒருவர், யாராவது வருவார்கள் என்று நம்பி, கொஞ்ச நேரம் விட்டு விட்டு அமுக்குகிற சத்தம்.

அவன் காலுறை வெதுவெதுப்பாக நனைந்தது.

குனிந்து பார்த்தான். தரை காய்ந்து கிடந்தது. உறையும் காய்ந்தேயிருந்தது. ஆனால் வெதுவெதுப்பு கணுக்காலுக்கு ஏறியது.

அவன் போர்வையைத் தூக்கிப் பார்க்கவில்லை. அந்த அளவுக்கு மனிதனாக இருந்திருந்தால் இந்தக் கதையே நடந்திருக்காது. வந்த வழியே ஓடினான்.

அங்கே எவ்வளவு நேரம் நின்றான் என்று அவனுக்கே தெரியவில்லை; திரையில் "42 நிமிடம்" என்று இருந்தது. அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே சிவப்பு மங்கியது, கறுத்தது, அணைந்தது. விண்டோவைப் பழைய அளவுக்கு விரித்தான்; எட்டு பச்சைப் பெட்டிகள் மட்டும் மிஞ்சின.

"தெனமும் இப்டித்தான்" என்றாள் வேலம்மா. கிட்டே வந்து நின்றாள். "சார், அந்தக் காயிதத்த எழுதினது நீதானே? உம் பேரு அதுல இருந்துச்சு. மேடம் உன் பேரு சொல்லி கூப்டப்பவே புரிஞ்சிகினேன்."

அவன் ஷூவைக் கழற்றி வைத்திருந்த வாசல் பக்கம் பார்த்தான்.

"நான் சண்ட போட வர்ல நைனா. ஒரே ஒரு வரி எழுதிக் குடு. பொட்டி தெரியாம இருந்துச்சு, அந்தப் பொண்ணு மேல தப்பில்லன்னு. அவ படிச்சுப் பாக்கட்டும். அது போதும் எனக்கு. அந்தப் பெரியவருக்கும் அதான் வோணும் போலகீது."

ஷண்முகப்ரியா திரும்பி வந்து ரிப்போர்ட் தாளை நீட்டினாள். "என்ன சார் பிரச்சினை? கண்டுபிடிச்சீங்களா?"

ஜவஹர் பேனாவை எடுத்தான். ஒரு வரி. அதை எழுதினால் கம்பெனியில் கேள்வி வரும். மூன்று வருடச் சிரிப்பு அவன் பக்கம் திரும்பும். ஒரு துப்புரவுக்காரியின் மகளுக்காக அவன், ஜவஹர், தப்பு செய்தேன் என்று கையெழுத்துப் போட வேண்டும்.

எழுதினான்: மானிட்டர் பழுது. புதிது மாற்றவும். மென்பொருளில் குறை இல்லை.

வேலம்மாவுக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியும். மேஜைக்கு எதிர்ப்பக்கம் நின்றே தலைகீழாகப் படித்தாள்.

"த்தூ" என்றாள், மெதுவாக. "இன்னா படிப்புடா உன் படிப்பு." வாளியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

மறுவாரம் புது மானிட்டர் வந்தது. பெட்டி வரவில்லை. ஷண்முகப்ரியா போன் செய்து நன்றி சொன்னாள். வேலம்மா வேலையை விட்டுவிட்டாளாம், மகளைக் கூட்டிக்கொண்டு எங்கேயோ போய்விட்டாளாம், அதையும் சொன்னாள். ஜவஹர் "அப்படியா" என்றான். ஆபீஸில் அந்தக் கதையைச் சிரிக்கச் சிரிக்கச் சொன்னான். பின்னறையை மட்டும் விட்டுவிட்டான்.

தை மாதத்தில் தி. நகர் கல்யாண மண்டபம் ஒன்றிலிருந்து புகார் வந்தது. சார், உங்க புரோகிராம்ல அடியில ஒரு சிவப்புப் பெட்டி வருது. இயக்குபவரின் அறியாமை என்று எழுதி மூடினான். இரண்டு நாள் கழித்து பட்டினப்பாக்கம் ஐஸ் கிடங்கு. அப்புறம் அடையாறில் ஒரு பல் மருத்துவர். எல்லாம் அவன் எழுதியவை. ஒன்றோடொன்று எந்தச் சம்பந்தமும் இல்லாதவை. ஒவ்வொன்றையும் தன் மேஜையில் ஓட்டிப் பார்த்தான். சுத்தமாக இருந்தன. அவன் மானிட்டரில் எதுவுமே வரவில்லை.

"எல்லாரும் சேர்ந்து என்னை முட்டாளாக்கப் பாக்கறாங்க" என்றான், பக்கத்து மேஜை ஆஃப்ரீனிடம். புதிதாகச் சேர்ந்தவள், நிதானமான பெண். "இங்க வந்து பாரு. ஒழுங்கா இருக்கா இல்லையா?"

அவள் எழுந்து வந்து பார்த்தாள். வெளியே நல்ல வெயில். ஆபீஸ் முழுக்க ஆட்கள் இருந்தார்கள்.

"இருக்கே சார்" என்றாள்.

"என்ன இருக்கு?"

"சிவப்புப் பெட்டி. நாப்பத்தி மூணு நிமிஷம்னு ஓடுது." கண்ணைச் சுருக்கினாள். "நாப்பத்தி நாலு."

அவன் திரையைப் பார்த்தான். வெள்ளையாக இருந்தது.

"எங்க?"

அவள் கையை நீட்டிக் கண்ணாடியில் விரல் வைத்துக் காட்டினாள். வைத்த வேகத்தில் இழுத்துக்கொண்டாள். அவன் முகத்தைப் பார்க்காமல், இரண்டடி பின்னால் போனாள்.

"என்னம்மா? என்ன?"

ஜவஹர் மெல்லத் தன் விரலைக் கொண்டுபோய் அந்த இடத்தில் வைத்தான். அவன் கண்ணுக்கு அங்கே ஒன்றும் இல்லை.

கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து யாரோ அவன் விரலை அமுக்கினார்கள். விட்டார்கள். கொஞ்ச நேரம் பொறுத்து, மறுபடி அமுக்கினார்கள்.