ஆறாம் படுக்கையின் உப்பு

ஆய்வுக்கூடத்து வாசலில் வந்து நின்ற பொன்னம்மை, உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. ஆஸ்பத்திரிச் சமையல்காரன் தங்கப்பனின் மனைவி அவள். நான்கு நாளாக அவனுக்கு வேலை இல்லை.

"எங்க வீட்டுக்காரரு ஒரு கல்லு உப்பு போடல்ல, சாரே. நோயாளியக் கொல்லப் பாத்தவன்னு சாலைக் கடைகள்ல பேசுதாவ. நீங்கதான் கண்டுபிடிச்சுச் சொல்லணும்."

அவள் முறையிட்டது பரிசோதகர் யோசுவாவிடம். நாகர்கோவில்காரர், ஆஸ்பத்திரியில் எது காணாமல் போனாலும் பதறாமல் கண்டுபிடித்துக் கொடுப்பார் என்று பெயர். பக்கத்தில் டாக்டர் சேஷன் நின்றிருந்தான். தங்கப்பன்மேல் அறிக்கை எழுதிக் கொடுத்தவன் அவன்தான். அது தெரியாமல் பொன்னம்மை அவனையும் கும்பிட்டாள். சேஷனுக்கு அங்கிருந்து ஓடிவிடலாம் போலிருந்தது.

அந்த 1953-ல் சேஷனுக்கு உப்பைத் தவிர வேறு நினைப்பே இல்லை. இதயம் பலவீனமாகிக் கால் வீங்கிய எட்டுப் பேருக்கு இரண்டு மாதம் உப்பில்லாத சாப்பாடு கொடுத்து, வீக்கம் வடிகிறதா என்று பார்க்கும் ஆராய்ச்சி. முடிவைச் சென்னையில் டாக்டர்கள் கூட்டத்தில் வாசிக்கப்போவதாக ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தான். ஏழு பேருக்கு வீக்கம் வடிந்தது. ஆறாம் படுக்கைக்காரர், கரமனை பிச்சுமணி ஐயருக்கு மட்டும் வடிந்து வடிந்து மறுபடி ஏறியது. போன வாரம் மூச்சு முட்டி, பிழைத்ததே பெரிய காரியம். அன்று தங்கப்பன் மடியில் ஒரு உப்புப் பொட்டலம் அகப்பட்டது. அதற்குமேல் சேஷன் யோசிக்கவில்லை.

"அந்தப் பொட்டலம்?" என்று கேட்டார் யோசுவா.

"நான் குடுத்தனுப்பினதுதான். உப்பில்லாச் சோறு அவருக்கு எறங்காது. தன் கஞ்சிக்குப் போட்டுக்கிடுவாரு."

யோசுவா தன் நோட்டை விரித்தார். தினமும் எட்டுப் பேரின் சிறுநீரிலும் வெள்ளிக் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டு, நிறம் மாற எத்தனை சொட்டு ஆகிறதென்று எண்ணி எழுதுவது அவர் வேலை. உப்பு கூடினால் சொட்டும் கூடும்.

"ஏழு பேருக்கு ஒண்ணு, ரெண்டு. ஆறாம் படுக்கைக்கும் அப்படித்தான். ஆனா மூணு நாள் மட்டும் ஏழு, எட்டுன்னு ஏறியிருக்கு. தங்கப்பன்தான் போட்டான்னா, அந்த மூணு நாள் மட்டும் எதுக்குப் போடணும்?"

"கிழவர் கெஞ்சியிருப்பார். இவன் மனசிளகிக் கொடுத்திருப்பான்" என்றான் சேஷன் சூட்டிகையாக.

"இருக்கலாம். சாப்பாட்டு ரிஜிஸ்டரையும் பாப்போம்."

ரிஜிஸ்டரைப் பார்த்தபின் யோசுவா சுவரில் தொங்கிய காலண்டரைக் கழற்றி மேஜையில் வைத்தார். "சொட்டு ஏறின ஒவ்வொரு நாளுக்கும் முந்தின நாள் ஆறாம் படுக்கைக்கு ஆஸ்பத்திரிச் சாப்பாடே போகல்ல, டாக்டர். 'ஏகாதசி. வீட்டிலிருந்து விரத ஆகாரம்'னு எழுதியிருக்கு. தங்கப்பன் கைபடாத நாளுலதான் உப்பு ஏறியிருக்கு."

"விரதச் சமையலில் ஏது உப்பு? அதனால்தானே..." சேஷன் பாதியில் நிறுத்தினான்.

"எனக்கு உங்க விரதம் தெரியாது. அதான் கேக்கேன். சமைக்கிறவங்ககிட்ட யாராவது கேட்டீங்களா?"

யாரும் கேட்டிருக்கவில்லை.

மூவரும் வார்டுக்குப் போனார்கள். பிச்சுமணி தலையணையில் சாய்ந்திருக்க, மனைவி லலிதாம்பாள் விசிறிக்கொண்டிருந்தாள்.

"மாமி, ஏகாதசிக்கு என்ன கொண்டு வருவேள்?" என்று கேட்டான் சேஷன்.

"கோதுமைக் கஞ்சியாக்கும். ஏன் கேக்கறேள்?"

"உப்பு?"

"சிவ சிவா! ஏகாதசிக்கு உப்பைத் தொடுவாளோ? இந்துப்பாக்கும் போட்டேன். இவருக்கு வாய் கசக்கறதேன்னு கொஞ்சம் தாராளமாவே போட்டேன்."

பாறையிலிருந்து வெட்டியெடுத்தாலும் இந்துப்பும் உப்புதான். உடம்புக்கு ஏகாதசியும் தெரியாது, துவாதசியும் தெரியாது. சேஷன் வீட்டிலும் விரதத்துக்கு அதே இந்துப்புதான். மாதம் இரண்டு தடவை சாப்பிட்டு வளர்ந்தவன். டாக்டருக்குப் படித்தவன் அடுக்களையில் ஒருநாள் எட்டிப் பார்த்திருந்தால் போதும்.

"நான் உங்களைக் கேட்டுண்டுதானே கொண்டு வந்தேன்? 'விரதச் சமையல்தானே மாமி, தாராளமா கொண்டு வாங்கோ'ன்னேளே" என்ற லலிதாம்பாளின் கை விசிறுவதை நிறுத்தியது. "நானா இவருக்கு...?"

"நீங்க இல்லை, மாமி. நான்தான்."

சொல்லிவிட்டு அவன் பொன்னம்மை பக்கம் திரும்பினான். "அறிக்கை எழுதினவனும் நான்தாம்மா." அவள் திட்டியிருந்தால் தேவலை. தலைப்பைப் பல்லில் கடித்துக்கொண்டு அவனையே பார்த்தாள்.

"தங்கப்பனுக்கு ஆளனுப்பட்டா?" என்று கேட்டார் யோசுவா.

"வேண்டாம். நானே போறேன்."

பழைய அறிக்கையைத் திரும்பப் பெற்று, குற்றம் தன்னுடையது என்று புதிதாக எழுதி, பெரிய டாக்டரின் கையெழுத்தோடு அன்று பிற்பகலே சாலைக் கடைத்தெருவில் இருந்த தங்கப்பன் வீட்டுக்குப் போனான். தங்கப்பன் காகிதத்தை வாங்கி இரண்டு தடவை படித்தான். கோபித்துக்கொள்ளவில்லை. வெயிலில் வந்த டாக்டரைச் சும்மா அனுப்பக்கூடாதென்று உள்ளே போய் ஒரு தம்ளரில் மோர் கலக்கிக்கொண்டு வந்தான். இன்னொரு கையில் உப்புச் சிரட்டை.

தம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சிரட்டைக்குள் விரலை விட்டவன், சட்டென்று கையை இழுத்துக்கொண்டான்.

"உப்பு போடலாமா, சாரே?" என்று பயந்துகொண்டே கேட்டான்.