சுவருக்குப் பின்னால் ஏழு பேர்

மில் நின்றிருந்தது. குடத்துத் தண்ணீர் மட்டும் நடுங்கிக்கொண்டிருந்தது.

மாரிகுப்பத்தில் மில் நிற்பது சூரியன் லீவு எடுப்பது மாதிரி. தங்கக்கல்லை மாவாக்கும் இரும்பு உலக்கைகள் இரவும் பகலும் குத்துகிற குத்தில், கூலி லைனில் பிறந்த பிள்ளையின் அழுகை பெற்றவளுக்கே மூன்று மாதம் கேட்காது. புருஷன் பெண்டாட்டி சண்டையெல்லாம் கைச்சாடையில்தான் நடக்கும். கடவுளே இறங்கி வந்து வரம் கொடுத்தாலும் இரண்டு தடவை கத்திச் சொல்ல வேண்டியிருக்கும். மாதத்தில் ஒரு பகல் மட்டும், தகடுகளில் ஒட்டிய தங்கத்தைச் சுரண்டி எடுக்க, மில்லை நிறுத்துவார்கள். அந்தப் பகலில்தான், மூங்கில் தட்டிச் சுவரின் ஓட்டைகள் வழியே உச்சி வெயில் தரையெங்கும் புள்ளி புள்ளியாக விழுந்திருந்த நேரத்தில், பாப்பம்மா குடத்தைப் பார்த்தாள்.

தண்ணீரில் வளையம். ஒன்று, இரண்டு என்று ஏழு வரை. பிறகு அசைவில்லை. மறுபடியும் ஏழு.

ஒன்பது நாளுக்கு முன்பு, கீழே சுரங்கத்தின் மரமுட்டுகளில் தீப்பிடித்தது. காற்றை அடைத்தால் தீ தானே சாகும் என்று சுரங்கத்தை நடத்தும் வெள்ளைக்காரர் ஹரோல்ட் கேப்டன் உத்தரவு போட்டார். தீப்பிடித்த லெவலின், அந்த ஆழத்துப் பாதையின் வாயில் செங்கல் சுவர் எழுந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் ஏழு ஆட்கள். அதில் ஒருவன் அவள் புருஷன் சம்பங்கி. யாரும் உயிரோடு இல்லை என்றது கம்பெனி. சுவரை உடைத்துப் பிணத்தையாவது கொடுங்கள் என்று பாப்பம்மா தினமும் ஆபீஸ் வாசலில் நின்றாள். உடைத்தால் தீக்குக் காற்றுப் பட்டுவிடும் என்றார்கள். தீக்குக் கொடுத்த மரியாதையில் கால்வாசியை மனுஷனுக்குக் கொடுத்திருந்தால் அந்த ஊரில் பாதி விதவைகள் குறைந்திருப்பார்கள்.

இப்போது குடிசைக்கும் கெடு வைத்தாகிவிட்டது. இருபது வருஷத்துக்கு முன்பு அங்கே கேழ்வரகுக் கொல்லையும் புதர்க்காடும் இருந்தன என்றால் யாரும் நம்பமாட்டார்கள். பாய்லருக்கும் முட்டுக்கும் வெட்டி வெட்டிப் பத்து மைலுக்கு ஒரு கிளை மிச்சமில்லை. காக்காய்கள் உட்கார இடமில்லாமல் நடந்தே வெளியூர் போயின. காடு முழுக்க இப்போது பூமிக்குக் கீழே நின்றது, இலையில்லாமல், வேரில்லாமல், பாறையைத் தலையில் தாங்கிக்கொண்டு. பூமியின் வயிற்றுக்குள் இருந்ததெல்லாம் வெளியே வந்து, மில் கக்கிய சாம்பல் சேறாகக் குவிந்து மலையாகியிருந்தது. மலை வாரம் ஒரு வரிசைக் குடிசையைத் தின்றது. சனிக்கிழமை பாப்பம்மாவின் வரிசை.

பக்கத்துக் குடிசைப் பார்வதம்மா நாலு தட்டியையும் சுருட்டித் தலையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றாள்.

"பாரு மே, வூட்டையே தலைமேல வெச்சிக்கினு போறேன். அந்த சீமை ராணிக்குக்கூட இந்த வசதி கெடையாது. நீயும் கெளம்பு."

"ஆள வெச்சிட்டு எங்க போவ?"

"ஆளு இல்ல மே," என்றாள் பார்வதம்மா. சிரிப்பு போய்விட்டிருந்தது. தட்டிச் சுருளைத் தலையில் சரிசெய்துகொண்டு நடந்துவிட்டாள்.

பாப்பம்மா தரையில் காதை வைத்தாள். சாணி வாசனைக்கு அடியில் வேறொரு வாசனை, ஈரக் கரியும் வெடிமருந்தும் கலந்தது, சம்பங்கி ஷிப்ட் முடித்து வந்தால் அவன் தலைமயிரில் இருக்குமே, அது. ஆயிரம் அடிக்குக் கீழே இருந்து, நிதானமாக, ஏழு தட்டு.

சுரங்கத்து ஆட்களுக்கு அது பேச்சு. அகப்பட்டவர்கள், எத்தனை பேர் உயிரோடு இருக்கிறார்களோ அத்தனை முறை பாறையைத் தட்டுவார்கள். கேட்டவன் அதே எண்ணிக்கையைத் தட்டினால் 'கேட்டது' என்று அர்த்தம். ஒன்று கூட்டித் தட்டினால் 'வருகிறோம்' என்று அர்த்தம். போக வழியில்லாதவன் கூட்டித் தட்டவே மாட்டான்.

பாப்பம்மா உலக்கையை எடுத்து எட்டு முறை குத்தினாள்.

கீழே சத்தம் நின்றது. யாரோ மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்பது போல.

அவள் ஓடினாள். மேஸ்திரி லைனில் பர்னபாஸ் கட்டிலில் கிடந்தார். அந்தச் சுவரை எழுப்பிய கொத்தனார்களுக்கு அவர்தான் மேஸ்திரி. ஒன்பது நாளாகத் தூக்கமில்லாமல் கண் இரண்டும் கோவைப்பழமாக இருந்தது.

"பாறை முனகுது மே. ஆழம் போனா முனகும்," என்றார் தட்டுச் சத்தத்தைப் பற்றி அவள் சொன்னதும்.

"பாறைக்கு எண்ணத் தெரியுமா மேஸ்திரி? வாங்க, வந்து கேளுங்க."

வந்தார். குடிசைத் தரையில் குனிந்தார். ஏழு தட்டு. பர்னபாஸின் கை நெற்றியில் சிலுவை போடப் போய், பாதியில் நின்றது.

"அன்னிக்கும் இப்டித்தான்," என்றார்.

"என்னிக்கு?"

"கடைசி செங்கல் வெக்கறப்ப."

பாப்பம்மா உலக்கையைக் கையில் எடுத்தாள். "கேட்டுக்கினேவா வெச்ச?"

"கேப்டன் துரை பின்னாடியே நின்னாரு. காது கேக்கற கொத்தனாரு எனக்கு வாணாம்னாரு."

"யோவ், உனுக்கு அந்தக் கை எப்டியா வந்திச்சி?" அவள் உலக்கையை ஓங்கினாள். அவர் தலையைக்கூடக் காத்துக்கொள்ளவில்லை. அடி வாங்கினால் தூக்கம் வரும் என்று நினைத்தாரோ என்னவோ. அவள் கைதான் தளர்ந்தது. "எழுந்திரு. நான் எட்டு தட்டிட்டேன். போயி ஒடைக்கணும்."

"எட்டா?" பர்னபாஸ் நிமிர்ந்தார். "யாரு மே போவ முடியும்? கீழ எறங்கற ஷாப்ட் வாயிலயே காவல் கீது. நான் போனா..."

கீழிருந்து தட்டு வந்தது. இம்முறை பலமாக. குடம் சரிந்து உருண்டது. ஏழு. எட்டு.

ஒன்பது.

"நம்ம எட்டுக்கு ஒண்ணு கூட்டி," என்றார் பர்னபாஸ். "நாம போவல இல்ல. அவுங்க வர்றாங்க."

அதன் பிறகு தட்டு இல்லை. துளை போடும் சத்தம், வெடிமருந்து அடைக்கப் பாறையில் போடுவார்களே, அது. சம்மட்டி அடி ஒன்று, உளி திரும்பும் கறக் ஒன்று. அடி. கறக். அடி. கறக். தரைக்கு அடியில் ஆள் நடப்பது போல அது நகர்ந்தது. குடிசையைத் தாண்டி, சேற்று மலையின் ஓரமாக, மேட்டை நோக்கி. பாப்பம்மா பின்னாலேயே போனாள், அவள் பின்னால் பர்னபாஸும். வெயில் காலைச் சுட்டது. உள்ளங்காலில் அதிர்வு.

மேட்டில் கேப்டன் பங்களா. பத்து மைலுக்குப் புல் முளைக்காத ஊரில் அங்கே மட்டும் புல்வெளி. லைனில் குடம் தண்ணீருக்கு மயிர்ப்பிடிச் சண்டை நடக்கையில் அங்கே ரோஜா குளித்தது. புல் நடுவே ஹரோல்ட் துரை நாற்காலியில் சாய்ந்திருந்தார். கையில் சுருட்டு.

சத்தம் அவருக்குக் கீழே வந்து நின்றது.

புல் பிளந்தது. ஓர் உளிமுனை. கால் சுற்று திரும்பி, இன்னும் கொஞ்சம் மேலே. அப்புறம் இன்னொன்று. நாற்காலியைச் சுற்றி வட்டமாக ஏழு. பிறகு ஏழும் உள்ளே இழுத்துக்கொண்டன.

துரை எழுந்தார். முகத்தில் கோபம்தான். "மேஸ்திரி! இன்னா இது?"

பர்னபாஸ் கேட்டுக்கு வெளியிலேயே மண்டியிட்டிருந்தார்.

துரை சுருட்டை நாற்காலியின் கைமேல் வைத்தார். முட்டி போட்டார். ஒரு துளையில் கண்ணை வைத்துப் பார்த்தார்.

பார்த்துக்கொண்டே இருந்தார்.

எழவில்லை. தொப்பி உருண்டு விழுந்தது. கைகள் இரண்டும் புல்லைப் பிய்த்தன. தலை மட்டும் தரையோடு ஒட்டியிருந்தது, உள்ளேயிருந்து யாரோ பிடித்திருப்பது போல.

பாப்பம்மா வட்டத்துக்குள் போனாள். பயம்தான். அந்தப் பயத்துக்கும் மேலே ஒன்பது நாள் ஆபீஸ் வாசல் கொதித்தது.

"சம்பங்கி," என்றாள்.

மற்ற ஆறு துளைகளிலும் ஏதோ ஊர்ந்தது. கருகிய விரல்கள். துளைக்கு ஒன்று. துளையின் விளிம்பைத் தடவின, வேலை சரியாக இருக்கிறதா என்று பார்ப்பது போல. ஒன்றுக்கு நகமில்லை. அந்த விரலை அவளுக்குத் தெரியும். உள்ளே போயின. வெடித்திரியின் நுனியைப் பிடித்துக்கொண்டு திரும்பி வந்தன. ஆறு திரி. துரையின் முகத்துக்கும் தரைக்கும் நடுவே ஏழாவது.

பற்றவைக்கக் கீழே தீ இல்லை. காற்றையே அடைத்துவிட்டார்களே.

நாற்காலியின் கையில் சுருட்டு புகைந்தது. அது எப்போது தன் கைக்கு வந்தது என்று அவளுக்குத் தெரியவில்லை. சூடு விரலில் ஏறியது. புல்லில் கருகிய விரல்கள் மடங்கின. நிமிர்ந்தன. மடங்கின. நிமிர்ந்தன.

கொண்டா, கொண்டா என்று.