ஜோடி சேராத ஸ்பீக்கர்

செவ்வாய்க் கிரகத்தில் காலை எழுந்ததும் முதல் வேலை, ராத்திரி விட்ட மூச்சு சுவரில் நீராய்ப் படிந்திருப்பதை வழித்து வாளியில் பிடிப்பது. வடிகட்டினால் அதுதான் குடிநீர். குமுதவல்லி வீட்டுச் சுவர் மட்டும் வறண்டு கிடந்தது. கணவர் தில்லைநாயகத்தின் ஆம்ப்ளிஃபயர் ராத்திரியெல்லாம் அடுப்பாய்க் கொதித்தால் சுவர் எங்கே குளிரும்? பக்கத்து வீட்டு மூச்சைத்தான் கேட்டு வாங்கிக் குடித்தாள். அவர்கள் தின்ற பூண்டு அதில் மணத்தது. மூக்கைப் பிடித்துக்கொண்டு விழுங்கினாள்.

அந்தக் குடியிருப்பில் எல்லோர் காதிலும் செவிச்சில்லு உண்டு. பேச்சும் பாட்டும் நேரே நரம்பில் இறங்கிவிடும். தில்லைநாயகத்துக்கு அதெல்லாம் ஆகாது. பூமியிலிருந்து ஆளுயர ஸ்பீக்கர் இரண்டைத் தருவித்திருந்தார். பொல்லாத ஸ்பீக்கர்கள். அடிக்குரல் ஓசை வந்தால் மின்சாரத்துக்கு அவை காட்டும் தடை அதலபாதாளத்துக்கு இறங்கும். மின்சாரத்தை மடக்மடக்கென்று இழுக்கும். எந்த ஆம்ப்ளிஃபயரும் திணறி அணைந்துபோகும். இவரும் சளைக்காமல் வேறொன்று மாட்டுவார்.

இந்தக் கூத்துக்கு நடுவில்தான் மகள் கயற்கண்ணியின் செய்தி வந்தது. அப்பாவோடு சண்டை போட்டுவிட்டு, சீரிஸ் சிறுகோளின் பனிச்சுரங்கத்துக்கு வேலைக்குப் போனவள். குமுதவல்லி அதைச் சில்லில் கேட்டாள்.

"அப்பா... இங்க என்னால முடியலப்பா. நீங்க ஒரு வார்த்தை வான்னு சொன்னா, அடுத்த கப்பல்ல வந்துடறேன்."

"ஏங்க, பொண்ணு என்ன சொல்றான்னு கேட்டு ஒரு பதில் அனுப்புங்க."

"சில்லுல கேட்டா அது குரலா? பின்னாடி சுரங்க மெஷின் உறுமுதே, அது ஸ்பீக்கர்ல எறங்கணும். ஸ்பீக்கருக்குச் சரியான ஜோடி ஆம்ப்ளிஃபயர் சேரட்டும், முழுசா கேக்கறேன். பெத்த பொண்ணு குரலை அரைகுறையா கேக்கலாமா?"

அன்றிலிருந்து அந்தச் செய்திதான் பரிசோதனைப் பாட்டு. நண்பர் சபேசன் வந்து உட்காருவார். கேட்கும்போது கண் திறக்கக் கூடாது என்பது அவர்களுடைய ஒலி ரசிகர் சங்கத்து விதி. "அப்பா..." என்று குரல் வரும், ஆம்ப்ளிஃபயர் அணையும், இருவரும் உதட்டைப் பிதுக்குவார்கள். மறுபடி முதலிலிருந்து. அடுத்த வார்த்தைக்கு அவர்கள் போனதே இல்லை. பிள்ளையின் அழுகையை இப்படி நக்கிப் பார்க்கும் மனிதனோடு ஒரே காற்றைச் சுவாசிக்கிறோமே என்று குமுதவல்லிக்கு அருவருப்பாக இருந்தது.

அவளே பதில் அனுப்பினாள். 'அப்பா உன்னை உடனே வரச் சொன்னார்.' பச்சைப் பொய்.

மாதங்கள் கழித்துக் கப்பல் வந்தது. மகளைத் துறைமுகத்திலிருந்து அழைத்து வந்தாள். பனி தின்ற கன்னமும் எலும்புமாக இருந்தாள் பெண்.

"நெசமாவே அப்பாதான் சொன்னாராம்மா?"

"ஆமாண்டி. உள்ள போ."

உள்ளே புதிய ஆம்ப்ளிஃபயர். விசையைத் தட்டிவிட்டு, அது சூடேறிக் குரல் வரட்டும் என்று தில்லைநாயகமும் சபேசனும் கண்ணை மூடிக் காத்திருந்தார்கள். கயற்கண்ணி பின்னால் போய் நின்றாள். மெல்லக் கூப்பிட்டாள்.

"அப்பா..."

தில்லைநாயகம் கண்ணைத் திறக்கவில்லை. முகத்தைச் சுளித்தார்.

"பாத்தீங்களா சபேசன், குரல் ஒடைஞ்சு வருது. அந்த உறுமலையே காணோம். இதுவும் ஆகாது. வேற மாத்தணும்."